கையால் சுழற்றும் ஃபைட் சாங் இசைப்பெட்டி: மெட்டு ஒலிக்கிறது, மெட்டமைத்தவர் எங்கே?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து ஆட்டங்களில், சொந்த அணி புள்ளி எடுக்கும் ஒவ்வொரு முறையும் பேண்ட் குழு முழங்கும் பாட்டுக்கு ஃபைட் சாங் என்று பெயர். பெரிய பல்கலைக்கழகங்களின் அரங்குகளில் ஒரு லட்சம் பேர் எழுந்து நின்று பாடும் இத்தகைய பாட்டுகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, துளையிட்ட காகிதப் பட்டைகளாக்கி, கையால் சுழற்றும் சிறிய இசைப்பெட்டி ஒன்றோடு சேர்த்து ஒரு சிறு நிறுவனம் இணையத்தில் விற்கிறது. பெட்டி, ஐந்து பட்டைகள், நாமே துளையிட்டுக்கொள்ளச் சில வெற்றுப் பட்டைகள், துளையிடும் கருவி, இசையமைப்பாளர்களின் வாழ்க்கையைச் சொல்வதாக அட்டையில் அறிவிக்கப்பட்டுள்ள ஒரு கையேடு ஆகிய அனைத்துக்கும் சேர்த்து விலை 60 டாலர். அஞ்சல் செலவு தனி. கையேட்டைக் காட்டியே இந்தப் பொருள் விற்கப்படுவதால், ஒலியை மட்டும் மதிப்பிட்டுவிட்டுக் கையேட்டை விட்டுவிடுவது சரியாக இருக்காது. உண்மையில் எனக்குச் சொல்ல வேண்டியது அதிகம் இருப்பதும் அந்தக் கையேட்டைப் பற்றித்தான்.

முதலில் கருவியைப் பார்ப்போம். முப்பது சுரங்கள் கொண்ட எஃகுச் சீப்பு ஒன்று உள்ளே இருக்கிறது. காகிதப் பட்டையை ஒரு பக்கம் செருகிக் கைப்பிடியைச் சுழற்றினால், பட்டை உள்ளே இழுக்கப்படுகிறது. துளை வரும் இடத்தில் ஒரு சிறிய பல்சக்கரத்தின் முனை அதற்குள் விழுந்து, பட்டையோடு நகர்ந்து, தான் சுழலும்போது சீப்பின் ஒரு நாக்கை மீட்டிவிடுகிறது. மின்கலமும் இல்லை, சுருள்வில்லும் இல்லை. காலப்பிரமாணம் முழுக்க நம் மணிக்கட்டில் இருக்கிறது. கைப்பிடியின் பித்தளைத் திருகு முதல் நாளிலேயே சற்றுத் தளர்ந்திருந்ததைத் தவிர, செய்நேர்த்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. மேசை மீது வெறுமனே வைத்துச் சுழற்றினால் ஒலி மெலிந்து கேட்கும். உடன் வரும் மரப்பெட்டியின் மேல் பொருத்திவிட்டால் ஓர் அறைக்குத் தாராளமாகப் போதும்.

இந்த வகைக் கருவிக்கே உரிய இரண்டு குறைகள் ஃபைட் சாங்குகளில் பளிச்சென்று தெரிகின்றன. ஒரே சுரம் அடுத்தடுத்து விரைவாக வர வேண்டிய இடத்தில், பல்சக்கரம் மீண்டும் தன் நிலைக்கு வருவதற்குள் இரண்டாவது துளை கடந்துபோய்விடுகிறது. எனவே பட்டையை வடிவமைத்தவர் அத்தகைய இடங்களில் ஒரு சுரத்தை மேல் ஸ்தாயிக்கு மாற்றியிருக்கிறார், அல்லது விட்டுவிட்டிருக்கிறார். அடுத்தது, கீழ் ஸ்தாயியில் இந்தச் சீப்புக்கு மிகச் சில சுரங்களே உண்டு. மார்ச் எனப்படும் அணிவகுப்பு இசைக்கு நடை கொடுப்பதே டியூபாவும் பெரிய முரசும் மாறி மாறிப் போடும் அடித்தளம்தான். அந்தத் தளம் இல்லாதபோது மெட்டு மட்டும் தனியாக, துணையின்றி, காதில் விழுகிறது. இதைக் குறையாகச் சொல்லத் தொடங்கிய நான், கேட்கக் கேட்க இதுவே இந்தப் பெட்டியின் பெரிய லாபம் என்று எண்ணத் தொடங்கினேன். இருநூறு பேர் பித்தளை வாத்தியங்களில் ஊதும்போது எந்த மெட்டும் கம்பீரமாகத்தான் இருக்கும். அந்த ஆரவாரத்தையெல்லாம் நீக்கிய பிறகும் எந்த மெட்டு நிற்கிறது என்பதை இங்கேதான் தெரிந்துகொள்ள முடிகிறது.

மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ‘த விக்டர்ஸ்’ நிற்கிறது. அதன் பல்லவி ஒரே ஒரு எண்ணத்தால் கட்டப்பட்டது. நீண்ட ஒரு சுரத்தில் ஓங்கி ஒலித்து, அதன் பின்னால் சிறிய சுரக்கூட்டம் ஒன்று துள்ளி வருகிறது. உடனே அதே அமைப்பு ஒரு படி மேலே ஏறி மறுபடியும் வருகிறது. அரங்கில் அந்த நீண்ட சுரம் வரும்போதெல்லாம் ரசிகர்கள் விரல்களை மடக்கி முஷ்டியை வானை நோக்கி உயர்த்துவார்கள். பட்டையை ஒளிக்கு எதிரே பிடித்துப் பார்த்தால், துளைகளின் வரிசையிலேயே அந்த ஏற்றம் கண்ணுக்குத் தெரிகிறது: ஒரு தனித் துளை, இடைவெளி, பிறகு நெருக்கமான துளைகள், அடுத்த கூட்டம் சற்றே மேலே தள்ளி. பாட்டு திஸ்ர நடையில் செல்வதால் கைப்பிடியைச் சீராகச் சுழற்றுவது எளிதன்று. கொஞ்சம் தயங்கினாலும் அணிவகுப்பு நொண்டத் தொடங்கிவிடும். பட்டையில் இருப்பது பல்லவி மட்டுமே. அதற்கு முன்னால் வரும் பகுதிகளை, அதாவது இதை ஒரு முழு மார்ச்சாக ஆக்கும் பகுதிகளை, நிறுவனம் விட்டுவிட்டது. ஆட்டம் பார்க்க வருகிறவர்களில் பெரும்பாலோர் கேட்பதும் பல்லவியை மட்டும்தான் என்பதால் இதைப் பெரிய குற்றமாகச் சொல்ல மாட்டேன்.

கையேட்டில் இந்தப் பாட்டுக்கு ஒதுக்கப்பட்ட பக்கம் சொல்வது இவ்வளவுதான்: லூயிஸ் எல்பெல் என்ற மாணவர் 1898-இல் சிகாகோ வெற்றிக்குப் பிறகு இதை இயற்றினார். அதற்குக் கீழே பக்கத்தின் பாதி வெற்றிடமாக இருக்கிறது. அந்த வெற்றிடத்தில் எவ்வளவு அடங்கியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது.

1898 நவம்பர் 24, நன்றி நவிலும் நாள். சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சிகாகோவிலேயே எதிர்கொண்ட மிச்சிகன் அணி 12-11 என்ற கணக்கில், ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் வென்று, வெஸ்டர்ன் கான்ஃபரன்ஸ் பட்டத்தை முதல்முறையாகக் கைப்பற்றியது. இன்று பிக் டென் என்று அறியப்படும் கூட்டமைப்பின் அன்றைய பெயர் அது. ஆட்டத்தைப் பார்க்க, மிச்சிகன் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரான ஆன் ஆர்பரிலிருந்து சென்றிருந்த மாணவர்களில் இசை மாணவரான எல்பெலும் ஒருவர். வெற்றிக் களிப்பில் ஊர்வலம் போனவர்களிடம் பாடுவதற்குச் சொந்தமாக ஓர் எழுச்சிப் பாட்டு இல்லை. அந்தக் காலத்தில் எல்லோரும் எல்லா இடத்திலும் பாடிய ஒரு ஜனரஞ்சகப் பாட்டைத்தான் அவர்களும் பாடினார்கள். இவ்வளவு பெரிய வெற்றிக்கு இந்தப் பாட்டு போதாது என்று எல்பெலுக்குத் தோன்றியிருக்கிறது. மெட்டு அந்தப் பயணத்திலேயே உருவாகி, ஆன் ஆர்பர் திரும்பும் ரயிலில் வளர்ந்தது என்று சொல்லப்படுகிறது. அடுத்த ஆண்டு அவருடைய சொந்த ஊரான இண்டியானா மாநிலத்துச் சௌத் பெண்டில், குடும்பத்தாரின் இசைக்கடையே அதை அச்சிட்டு வெளியிட்டது. 1899 மே மாதம் ஆன் ஆர்பருக்கு வந்த ஜான் ஃபிலிப் சௌசாவின் பேண்ட் அதை வாசித்தது. மார்ச் இசையில் அன்று சௌசாவுக்கு மேலே யாருமில்லை என்பதால், 21 வயது மாணவன் ஒருவனுக்கு அதைவிடப் பெரிய அங்கீகாரம் கிடைத்திருக்க முடியாது.

இதுவரை வரும் கதையை ஓரளவு பலரும் அறிவார்கள். எனக்கு ஆர்வமூட்டுவது அதற்குப் பிறகு வரும் அறுபது ஆண்டுகள். எல்பெல் 1877-இல் பிறந்து 1959-இல் மறைந்தார். பியானோ கலைஞராக மேடையேறிய அவர், பின்னர் தன் ஊரின் இசை வாழ்வோடு கலந்துவிட்டார். அந்தச் சௌத் பெண்ட் எந்த ஊர் என்பதைக் கவனிக்க வேண்டும். மிச்சிகனின் தீராத போட்டியாளரான நோட்டர் டேம் பல்கலைக்கழகம் அந்த ஊரை ஒட்டியே இருக்கிறது. எதிரணியின் ஊர்க்காரராகவே வாழ்நாளைக் கழித்த ஒருவர், மிச்சிகன் பேண்ட் தன் பாட்டை வாசிக்கும்போது அதை நடத்துவதற்காக ஆன் ஆர்பருக்கு அழைக்கப்பட்டு வந்துபோய்க்கொண்டிருந்தார். முதுமையிலும் அவர் அந்தக் குழுவின் முன்னால் கோல் பிடித்து நின்றிருக்கிறார். பேண்ட் குழுவின் பயிற்சித் திடலுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். வாழ்க்கையில் எத்தனை இசைநிகழ்ச்சிகளில் வாசித்திருந்தாலும், ரயிலில் வளர்ந்த அந்த ஒரு பல்லவிக்காகவே மக்கள் தன்னை அறிவார்கள் என்ற நிலையோடு ஒருவர் அறுபது ஆண்டுகள் வாழ்வது எப்படி இருந்திருக்கும்? ஃபைட் சாங் இசையமைப்பாளரின் வாழ்க்கை என்று ஒன்றை எழுதப் புகுந்தால், எழுத வேண்டியது இதைத்தான். கையேடு பாட்டு பிறந்த தேதியோடு மனிதரை முடித்துவிடுகிறது. பாட்டு அச்சானதும் அவர் ஆவியாகிப் போனதைப் போல.

அந்தப் பாட்டின் பிற்காலமும் சுவையானது. 1907-இல் மிச்சிகன் கான்ஃபரன்ஸிலிருந்து விலகிவிட்டது. மேற்கின் வெற்றியாளர்கள் என்று பெருமை பேசும் பாட்டு, மேற்கின் கூட்டமைப்பிலேயே இல்லாத அணிக்கு எப்படிப் பொருந்தும்? அந்த இடைவெளியில் 1911-இல் ஃப்ரெட் லாட்டன் சொற்களையும் ஏர்ல் மூர் இசையையும் எழுதி ‘வார்சிட்டி’ என்ற வேறொரு பாட்டு வந்தது. 1917-இல் மிச்சிகன் கூட்டமைப்புக்குத் திரும்பிய பிறகு எல்பெலின் பாட்டும் பழைய இடத்துக்குத் திரும்பியது. தன் பாட்டு ஓரங்கட்டப்பட்டதையும், மீண்டும் அரியணை ஏறியதையும் நடுவயதுக்குள்ளேயே பார்த்துவிட்டவர் அவர். இன்னொரு செய்தியும் உண்டு. அதே 1898-இல் ஜார்ஜ் ரோஸி என்ற பெயரில் வெளிவந்த ஒரு மார்ச்சின் பகுதி, எல்பெலின் பல்லவியோடு வியக்கத்தக்க அளவுக்கு ஒத்துப்போகிறது என்பது பின்னாளில் கண்டறியப்பட்டது. கேட்ட மெட்டு மனத்தில் தங்கித் தன்னுடையதாகவே வெளிவருவது எந்த இசையமைப்பாளருக்கும் நேரக்கூடியது. இதைச் சொல்வதால் எல்பெலின் மதிப்பு குறையாது. சொல்லாமல் விட்டால்தான் கையேட்டின் மதிப்பு குறைகிறது. மிச்சிகன் அணிக்காக 1930-களில் ஆடிய ஜெரால்டு ஃபோர்டு நாட்டின் அதிபரான பிறகு, அதிபருக்குரிய வரவேற்பிசையைக் காட்டிலும் இந்தப் பாட்டையே விரும்பிக் கேட்டார் என்ற செய்தி மட்டும் கையேட்டில் தடித்த எழுத்தில் இருக்கிறது. அதிபருக்கு இடம் கிடைத்த அளவுக்கு ஆக்கியவருக்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது பட்டை விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ‘ஆன், விஸ்கான்சின்!’. பெட்டியில் மிக நன்றாக அமைந்த பட்டை இதுதான். நடை நேரானது, சுரங்களுக்கு இடையே மூச்சுவிட இடமுண்டு, சீப்பின் நடுப்பகுதிக்குள்ளேயே முழுப் பாட்டும் அடங்கிவிடுகிறது. முதன்முறை சுழற்றுகிறவரும் தடுமாறாமல் வாசித்துவிடலாம். எளிதில் வாசிக்கக்கூடிய இந்தத் தன்மையால்தான் அமெரிக்கா முழுவதும் நூற்றுக்கணக்கான உயர்நிலைப் பள்ளிகள் தம் ஊர்ப் பெயரைச் செருகி இதையே தம் பாட்டாக வைத்துக்கொண்டன.

இதை அமைத்த வில்லியம் பர்டி விஸ்கான்சினில் படித்தவர் அல்லர். நியூயார்க் மாநிலத்தில் 1882-இல் பிறந்து, அங்குள்ள ஹாமில்டன் கல்லூரியில் படித்தவர். மின்னசோட்டா பல்கலைக்கழகத்துக்கு ஒரு புதிய கால்பந்துப் பாட்டு வேண்டும் என்று 100 டாலர் பரிசோடு போட்டி அறிவிக்கப்பட்டிருந்த 1909-இல், அவர் சிகாகோவில் இருந்தபடி அந்தப் போட்டிக்காகவே இந்த மெட்டை அமைத்தார். உடனிருந்த கார்ல் பெக் விஸ்கான்சினின் பழைய மாணவர். மெட்டைக் கேட்டதும், இதை எதிரிக்குக் கொடுக்காதே, எங்களுக்குக் கொடு என்று வற்புறுத்தி, சொற்களைத் தானே எழுதித் தந்துவிட்டார். மின்னசோட்டாவுக்கு எழுதிய பாட்டு, மின்னசோட்டாவுக்கு எதிரான ஆட்டத்தையொட்டி விஸ்கான்சின் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கப்பட்டது. அந்த ஆட்டத்தில் விஸ்கான்சின் தோற்றது, பாட்டு நிலைத்துவிட்டது. மின்னசோட்டாவுக்கு அதே ஆண்டில் ஃபிளாய்டு ஹட்செல் என்பவர் வேறொரு நல்ல பாட்டைக் கொடுத்தார் என்பதால் அவர்களுக்கும் நட்டமில்லை.

நட்டம் பர்டிக்குத்தான். 1918-இல், 36 வயதில், காசநோயால் அவர் இறந்தார். 1959-இல் விஸ்கான்சின் மாநிலம் இந்த மெட்டைத் தன் அதிகாரபூர்வ மாநிலப் பாடலாக ஏற்றபோது அவர் இறந்து நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. எல்பெல் மறைந்ததும் அதே 1959-இல்தான். ஒருவர் தன் பாட்டைவிட்டு விலக முடியாமல் நீண்டகாலம் வாழ்ந்தார். இன்னொருவர் தன் பாட்டு எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதற்கே இல்லாமல் போனார். இந்த இரண்டு வாழ்க்கைகளையும் எதிரெதிர்ப் பக்கங்களில் அச்சிட்டிருந்தாலே கையேடு தன் வாக்கைக் காப்பாற்றியிருக்கும். பர்டியின் பக்கத்தில் இருப்பதோ விஸ்கான்சின் அரங்கைப் பற்றிய ஒரு பத்தி.

சொல்லெழுதியவர்கள் விஷயத்தில் நிலை இன்னும் மோசம். கார்ல் பெக்கின் பெயர் எங்குமே இல்லை. பெட்டியில் சொல் ஒலிப்பதில்லை, சுரம் மட்டும்தானே ஒலிக்கிறது என்று நிறுவனம் சொல்லக்கூடும். ஆனால் பெக் இல்லையென்றால் அந்த மெட்டே வேறொரு மாநிலத்துக்குப் போயிருக்கும். ‘நோட்டர் டேம் விக்டரி மார்ச்’ பக்கத்தில் மைக்கேல் ஷே மட்டும் இருக்கிறார். சொற்களை எழுதிய அவருடைய தம்பி ஜான் ஷே இல்லை. இருவரும் நோட்டர் டேமில் பட்டம் பெற்றவர்கள். 1908-இல் எழுதிய பாட்டை மைக்கேல் முதன்முதலாக வாசித்தது தங்கள் ஊரான மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹோலியோக்கில், ஒரு தேவாலயத்தின் ஆர்கனில். பின்னாளில் கத்தோலிக்கக் குருவாகப் பணியாற்றியவர் அவர். கால்பந்துப் பாட்டு ஒன்று ஆட்டக்களத்துக்குப் போகும் முன் ஆர்கனில் பிறந்ததை இந்தக் கருவியிலும் உணர முடிகிறது. பட்டையில் இணைச்சுரங்கள் அடர்த்தியாக இருப்பதால், மெதுவாகச் சுழற்றினால் அது துதிப்பாடலைப் போலவே ஒலிக்கிறது. விரைவுபடுத்தினால்தான் களத்துக்கு வருகிறது. ஆண் பிள்ளைகளை மட்டுமே குறித்த அதன் ஒரு வரி, 2018-இல் பெண் பிள்ளைகளையும் சேர்த்து மாற்றப்பட்டது என்ற செய்தியைக் கையேடு சரியாகத் தந்திருக்கிறது. மாற்றப்பட்ட வரியை எழுதியவர் யார் என்று கூறாமல் வரி மாறிய கதையை மட்டும் கூறுவது விசித்திரமாக இருக்கிறது.

‘ஆங்கர்ஸ் அவே’ பட்டையைப் பற்றி நீண்டு எழுத ஒன்றுமில்லை. மேல் ஸ்தாயியில் இரண்டு இடங்களில் சுரம் தவறுகிறது. ஆனால் அதை அமைத்த சார்லஸ் சிம்மர்மன் இந்த ஐவரில் தனித்து நிற்பவர். மற்றவர்கள் இளைஞர்கள், மாணவர்கள் அல்லது அண்மையில் மாணவர்களாக இருந்தவர்கள். இவரோ அனாபொலிஸ் கடற்படைக் கல்விக்கழகத்தின் பேண்ட் தலைவர். பட்டம் பெற்று வெளியேறும் வகுப்புக்கென ஒரு மார்ச் எழுதித் தருவதை வழக்கமாக வைத்திருந்தவர். 1906-இல், அடுத்த ஆண்டு வெளியேறவிருந்த மாணவர் ஆல்ஃபிரெட் ஹார்ட் மைல்ஸ் அவரிடம் வந்து, தரைப்படை அணிக்கு எதிரான ஆட்டத்தில் பாடுவதற்கு ஏற்ற பாட்டு வேண்டும் என்று கேட்க, இருவரும் சேர்ந்து உருவாக்கியது இது. அந்த ஆண்டு ஆட்டத்தில் கடற்படை 10-0 என்று வென்றது. ஆண்டுக்கு ஒன்றாக எழுதிக்கொண்டே போன ஒரு பணியாளரின் வரிசையில் ஒன்று மட்டும் நாடறிந்ததாகி, மற்றவை ஆவணக் காப்பகத்தில் தங்கிவிட்டன. அது ஏன் என்று பட்டையைச் சுழற்றிப் பார்த்தாலே ஓரளவு விளங்குகிறது: தொடக்கத்தில் கீழிருந்து மேலே ஏறும் அந்த வரியை ஒருமுறை கேட்டவர் மறக்க மாட்டார்.

ஐந்தாவது, யேல் பல்கலைக்கழகத்தின் ‘புல்டாக்’, 1911. அமைத்தவர் கோல் போர்ட்டர். நியூயார்க்கின் இசைநாடக மேடையான பிராட்வேயின் பெரும் பெயர்களில் ஒன்றாகிவிட்டவர். கையேட்டில் இவருக்கு மட்டும் இரண்டு முழுப் பக்கங்கள், புகைப்படத்தோடு. ஏற்கெனவே எல்லோரும் அறிந்தவரைப் பற்றி விரிவாக எழுதி, யாரும் அறியாதவர்களை இரண்டு வரியில் முடிக்கும் இந்தப் பழக்கத்தை என்னவென்று சொல்வது? போர்ட்டர் ஃபைட் சாங்கிலிருந்து தப்பித்துச் சென்றவர். 1913-இல் யேலை விட்டு வெளியேறியவருக்கு அந்தப் பாட்டு ஓர் இளமைக்கால விளையாட்டாக மட்டுமே எஞ்சியது. அவரை வைத்து ஃபைட் சாங் இசையமைப்பாளரின் வாழ்க்கையை விளக்க முற்படுவது பொருந்தாது. அந்தப் பக்கங்களில் ஒன்றைப் பிரான்சிஸ் லேங்கிக்குக் கொடுத்திருக்கலாம். இன்று மிச்சிகன் ஸ்டேட் என்று அழைக்கப்படும் கல்லூரியில் கோஷத் தலைவராக இருந்து 1915-இல் அதன் பாட்டுக்கு மெட்டமைத்த அவர், 1919-இல் விமான விபத்தில் இறந்தார்; பாட்டு அச்சில் வந்தது அதன் பிறகே. அல்லது தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பாட்டை 1922-இல் ஒரு போட்டிக்காக எழுதிய மைலோ ஸ்வீட்டைச் சேர்த்திருக்கலாம். அவர் பல் மருத்துவ மாணவர். அலபாமாவின் பாட்டை 1926-இல் எழுதிய எப் சைக்ஸ் பொறியியல் மாணவராகவும் மாணவர் இதழின் ஆசிரியராகவும் இருந்து, பிற்காலத்தில் பிரிகேடியர் ஜெனரல் ஆனவர். இவர்களே இந்தத் துறையின் உண்மையான முகங்கள். இசையைத் தொழிலாகக் கொள்ளாத, ஒரே ஒரு முறை சரியான இடத்தில் சரியான மெட்டைப் பிடித்துவிட்ட இளைஞர்கள்.

விலையைப் பற்றியும் ஒரு சொல். இந்த ஐந்து பாட்டுகளும் வெளிவந்து 95 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டதால், அமெரிக்கச் சட்டப்படி அவற்றுக்குப் பதிப்புரிமை இல்லை. யாரும் யாருக்கும் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம். பல்கலைக்கழகங்களின் பெயரும் சின்னமும் மட்டும் வணிகக் குறிகள் என்பதால் அவற்றுக்கு உரிமம் பெற வேண்டும். பெட்டியின் மேல் எந்தச் சின்னமும் எந்த அணியின் நிறமும் இல்லாமல் வெறும் மரநிறமாகவே இருப்பதற்கு இதுதான் காரணமாக இருக்க வேண்டும். ஆக, மெட்டு இலவசம், சின்னத்துக்குத்தான் கட்டணம். சின்னம் இல்லாத பெட்டிக்கு 60 டாலர் கொடுக்கிறோம் என்றால், அதில் எஃகுச் சீப்புக்கும் மரத்துக்கும் கூலிக்கும் போக எஞ்சுவது கையேட்டுக்கானது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். அந்தக் கணக்கில் கையேடு கடன்பட்டே நிற்கிறது. ஓர் ஆய்வாளரை அமர்த்தி அரைப் பக்கங்களை நிரப்ப ஆகும் செலவு, போர்ட்டரின் புகைப்படத்தை நல்ல தாளில் அச்சிட ஆன செலவைவிட மிகுதியாக இருந்திருக்காது.

எனக்கு வந்த பெட்டியில் ‘ஆங்கர்ஸ் அவே’ பட்டையின் துளைகள் ஒரு கோடு விலகி இடப்பட்டிருந்தன; சுரங்கள் தவறியதற்கு அதுவே காரணம். மின்னஞ்சல் அனுப்பியதும் மறுபேச்சின்றி மாற்றுப் பட்டை அனுப்பினார்கள். அதில் ஒரு தவறு சரியாகிவிட்டது, இன்னொன்று அப்படியே இருந்தது. காகிதத்தின் தரம் நடுத்தரம். பட்டையின் முன் முனை சீக்கிரம் நைந்துபோகிறது. ஒட்டு நாடாவை அந்த முனையில் மட்டும் ஒட்டி வைத்துக்கொண்டால் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் துளைகளுக்கு மேல் ஒட்டிவிடக் கூடாது. துளையிடும் கருவி கூர்மையாக இருக்கிறது. வெற்றுப் பட்டையில் அச்சிட்டுள்ள கட்டங்கள் தெளிவாக இருப்பதால், நொட்டேஷன் படிக்கத் தெரிந்தவர் பொறுமையாக உட்கார்ந்தால் ‘த விக்டர்ஸ்’ பாட்டின் விடுபட்ட முன்பகுதிகளைத் தாமே துளையிட்டுக்கொள்ளலாம். 1899-ஆம் ஆண்டுப் பதிப்புக்குப் பதிப்புரிமை இல்லாததால் அதற்குத் தடையேதும் கிடையாது. நான் முதல் பகுதியை அப்படித்தான் செய்துகொண்டேன். பல்லவிக்கு முன்னால் அதைக் கேட்கும்போது, அந்த நீண்ட சுரம் திடீரென்று முளைத்ததாக இல்லாமல், காத்திருந்து வந்ததாக ஒலிக்கிறது.

இந்தப் பல்கலைக்கழகங்களில் ஒன்றில் படித்தவருக்கோ, பேண்டில் வாசித்தவருக்கோ பரிசளிக்க இதைவிட நல்ல பொருள் எளிதில் கிடைக்காது; தயங்காமல் வாங்கலாம். சிறு பிள்ளைகளுக்கு ஏற்றதன்று, பட்டைகள் ஒரு மாலைப் பொழுதைக்கூடத் தாங்க மாட்டா. இசையமைப்பாளர்களின் வாழ்க்கையை அறிய விரும்பி வாங்குகிறவர்கள் மட்டும் ஏமாறுவார்கள். கருவிக்கு ஐந்துக்கு நான்கு, கையேட்டுக்கு ஐந்துக்கு ஒன்று என மதிப்பெண் தருகிறேன். அடுத்த பதிப்பில் கையேட்டைத் திருத்தி எழுத நிறுவனத்துக்கு நேரமில்லை என்றாலும், ஒவ்வொரு பட்டையின் தொடக்கத்திலும் செருகுவதற்காக விடப்பட்டுள்ள வெற்று ஓரத்தில், பாட்டின் பெயருக்குப் பக்கத்தில், மெட்டமைத்தவர் பெயரையும் சொல்லெழுதியவர் பெயரையும் அவர்கள் பிறந்த, இறந்த ஆண்டுகளையும் அச்சிட்டுவிடலாம். இடம் தாராளமாக இருக்கிறது. இப்போது அங்கே அச்சாகியிருப்பது நிறுவனத்தின் இணைய முகவரி.